புகை சூழும் நாட்களில் யாருக்குப் பாதுகாப்பு?

(ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் நடைபெறும் ஏ.எஸ்.ராவ் நகர், இந்தியப் பொதுத்துறையின் வரலாற்றோடு பிணைந்த குடியிருப்பு. 1967இல் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அறிவியலாளர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கி நிற்பது. இதன் கிழக்கே சேர்லபள்ளித் தொழிற்பேட்டை. தெற்கே மல்லாபூரும் நாச்சாரமும். வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மாநகரின் குப்பை சென்று சேரும் ஜவஹர் நகர் கிடங்கு. ஆகவே புகை என்பது இப்பகுதிக்குத் தொலைக்காட்சிச் செய்தி அன்று. சாளரத்தின் வழியே வீட்டுக்குள் வருவது.

2023 ஜூன் மாதம் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க் நகரின் வானத்தைச் செம்மஞ்சளாக்கியதை உலகம் கண்டது. அவ்வாண்டு கனடாவில் ஒன்றரைக் கோடி எக்டருக்கு மேற்பட்ட காடு எரிந்தது. ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோவும் அப்புகையில் மூழ்கியது. அப்போது அரசுகள் வெளியிட்ட அறிவுரை மூன்றே: வீட்டுக்குள் இருங்கள், சாளரங்களை அடையுங்கள், வெளியே செல்ல நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். இம்மூன்றும் சரியானவை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையை உள்ளடக்கியவை. வீட்டுக்குள் இருப்பதற்கு, வேலைக்குச் செல்லாவிடினும் கூலி வர வேண்டும். சாளரத்தை அடைப்பதற்கு, அடைக்கத்தக்க வீடு வேண்டும். முகக்கவசம் அணிவதற்கு, அதை வாங்கித் தர ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்நிபந்தனைகள் இல்லாதோருக்கு அறிவுரை வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. இன்றைய உரையின் பொருள் இதுவே.

புகையில் இருப்பது என்ன?

எரிவது காடாயினும் குப்பையாயினும், புகையில் முதன்மையான தீங்கு நுண்துகள்களால் வருகிறது. இரண்டரை மைக்ரான் அளவும் அதற்குக் குறைவானதுமான இத்துகள்களை அறிவியலாளர் பி.எம். 2.5 எனக் குறிக்கின்றனர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இதன் அளவு. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இதைத் தடுத்து நிறுத்த இயலாது. நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். ஆகவேதான் புகை மிகுந்த நாட்களில் ஆஸ்துமா நோயாளிகள் மட்டுமன்றி இதய நோயாளிகளும் மருத்துவமனை செல்ல நேர்கிறது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், காசநோயிலிருந்து மீண்டோர், கல்லுடைக்கும் வேலையில் நுரையீரல் கெட்டோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

குப்பைப் புகைக்கும் காட்டுப் புகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குப்பையில் நெகிழி எரிகிறது. மின்கம்பி உறையும் டயரும் எரிகின்றன. டயாக்சின் போன்ற நஞ்சுகளும் அமில வாயுக்களும் இப்புகையில் கலந்திருக்கும். துகளை வடிகட்டும் முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. எனவே எரியும் குப்பைக்கு அருகில் இருப்போருக்கு முகக்கவசம் போதாது. அங்கிருந்து விலகிச் செல்வதே முதற்பாதுகாப்பு.

எண்ணும் அதன் பொருளும்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் காற்றுத் தரக் குறியீட்டை வெளியிடுகிறது. 'சமீர்' என்னும் கைப்பேசிச் செயலியிலும் அதைப் பார்க்கலாம். ஐதராபாத்தின் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று ஈ.சி.ஐ.எல். காப்ராவிலும், மற்றொன்று நாச்சாரத்திலும் உள்ளன. இப்பகுதித் தோழர்கள் பார்க்க வேண்டியவை இவ்விரண்டே. குறியீடு 200ஐத் தாண்டினால் 'மோசம்', 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை' என வகைப்படுத்தப்படுகிறது.

இந்த எண்ணைப் படிக்கையில் இரு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, நுண்துகளுக்கான குறியீடு 24 மணிநேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு நாளில் இருபது மணிநேரம் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் நுண்துகளும், விடியலுக்கு முந்தைய நான்கு மணிநேரம் 300 மைக்ரோகிராமும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 83 மட்டுமே வரும். குறியீடு 'மிதமானது' என்றே காட்டும். அந்த நான்கு மணிநேரத்தில் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரின் நுரையீரலுக்குச் சராசரி தெரியாது. ஆகவே செயலியின் எண்ணோடு நில்லாமல், வாரியத்தின் இணையதளத்தில் உள்ள மணிநேர அளவையும் பார்க்க வேண்டும். புகை கண்ணுக்குத் தெரிந்து, மூக்குக்கும் மணம் எட்டினால், எண் வரும் வரை காத்திருத்தல் கூடாது.

இரண்டாவது, எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பது அரசியல் முடிவு. இந்தியாவில் 24 மணிநேரத்துக்கு ஏற்கத்தக்க நுண்துகள் அளவு 60 மைக்ரோகிராம் என 2009இல் வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 15 என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், காட்டுத்தீப் புகையிலிருந்து வெளிப்புறத் தொழிலாளரைக் காக்கும் விதிமுறை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்நாட்டுக் குறியீடு 151ஐத் தொட்டால், வேலையளிப்பவர் தொழிலாளருக்கு முகக்கவசத்தைத் தம் செலவில் தந்தாக வேண்டும். அந்த 151 என்பது ஏறத்தாழ 55 மைக்ரோகிராம் நுண்துகள். அதே காற்று இந்தியக் குறியீட்டில் 'திருப்திகரம்' என்னும் பெயரைப் பெறுகிறது. அங்கே திராட்சை பறிக்கும் மெக்சிகோத் தொழிலாளிக்கு முகக்கவசம் பெறும் உரிமையைத் தரும் காற்று, இங்கே சேர்லபள்ளித் தொழிலாளிக்குத் திருப்தி தர வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

அரசியல் பேசுவதால் அன்றாடப் பாதுகாப்பு தேவையற்றதாகிவிடாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்து, அண்டை வீட்டாருக்கும் சொல்லத்தக்கவை சில உண்டு.

வீடு முழுவதையும் புகையிலிருந்து காப்பது அரிது; ஓர் அறையைக் காப்பது எளிது. வெளிச்சுவரில் சாளரம் குறைவாக உள்ள அறையைத் தேர்ந்து, கதவிடுக்கையும் சாளர இடுக்கையும் ஈரத்துணியால் அடைத்து, குழந்தைகளையும் நோயாளிகளையும் அங்கே இருத்த வேண்டும். சமையலறைப் புகைபோக்கி விசிறி வெளிக்காற்றை வேறு வழியில் உள்ளே இழுக்கும்; அதை அப்போது இயக்குதல் கூடாது. ஏ.சி. உள்ளோர் அது உள்காற்றையே சுழற்றும் நிலையில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவோர் 'ஹெப்பா' வடிகட்டி உள்ளதையே வாங்க வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை.

புகை நாளில் வீட்டுக்குள் புதுப் புகையை உண்டாக்குதல் கூடாது. ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், பீடி, சிகரெட், எண்ணெயில் பொரிக்கும் சமையல் ஆகியவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த துகள் மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் புகை நள்ளிரவு முதல் விடியல் வரை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கியபின் கலையும். வெளிக்காற்று தெளிந்த அப்பொழுதில் சாளரங்களைத் திறந்து உள்காற்றை மாற்ற வேண்டும். காலை நடைப்பயிற்சியையும் அதற்கேற்பத் தள்ளிவைக்கலாம்.

முகக்கவசத்தில் என்95 வகையே பயன் தரும். ஈரக் கைக்குட்டையும் துப்பட்டாவும் கண்ணுக்குத் தெரியும் தூசியை ஓரளவு தடுக்கும், நுண்துகளைத் தடுக்கா. என்95 கவசத்தின் இரு பட்டைகளில் ஒன்று உச்சந்தலையிலும் மற்றொன்று பிடரியிலும் அமைய வேண்டும். மூக்குத் தண்டின் மேலுள்ள கம்பியை அழுத்திப் படியவைக்க வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் கவசம் அணிந்தும் பயனில்லை. அடர்ந்த தாடியும் இடைவெளியை உண்டாக்கும். அழுக்கேறினாலோ, மூச்சு வாங்கக் கடினமானாலோ புதியது மாற்ற வேண்டும்.

ஆலைகளிலும் குப்பை வேலையிலும் தொழிலாளருக்கு வெல்லம் கொடுத்தால் நுரையீரல் தூசி நீங்கும் என்பது பரவலான நம்பிக்கை. வெல்லம் செல்வது இரைப்பைக்கு. புகை செல்வது நுரையீரலுக்கு. வெல்லம் உடலுக்குத் தெம்பு தரலாம், முகக்கவசத்துக்கு ஈடாகாது. கவசத்துக்குப் பதில் வெல்லக் கட்டியை நீட்டும் ஒப்பந்ததாரரிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மார்பு வலி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108க்கு அழைக்க வேண்டும். தொடரும் இருமலுக்கு அருகிலுள்ள பஸ்தி தவாகானாவையும், ஈ.எஸ்.ஐ. காப்பீடுள்ள தொழிலாளர் நாச்சாரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் நாடலாம். ஆஸ்துமா உள்ளோர் உறிஞ்சுமருந்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

கதவில்லாதோர்

இவ்வறிவுரைகளை ஏ.எஸ்.ராவ் நகரின் கான்கிரீட் வீட்டில் பின்பற்றலாம். ஜவஹர் நகரில் தகரக் கூரைக் குடிசையில் வாழும் குடும்பம் என்ன செய்யும்? கூரைக்கும் சுவருக்கும் இடையே கையகல இடைவெளி. அதை அடைத்தால் கோடை வெப்பத்தில் உள்ளே இருப்போர் மயங்கி விழுவர். அடைக்காவிடில் புகை. வெப்பம் கொல்வது மணிக்கணக்கில், புகை கொல்வது ஆண்டுக்கணக்கில். அதனால் அவர்கள் புகையைத் தேர்ந்துகொள்கிறார்கள். அவர்களிடம் சாளரத்தை அடைக்கச் சொல்வது அறியாமை.

நகருக்குள் இடம் கிடைக்காத ஏழைகள் குடியேறிய பகுதி அது. ஏறத்தாழ ஏழாயிரம் டன் குப்பை நாள்தோறும் மாநகரிலிருந்து புறப்படுகிறது. ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட பழைய குப்பை, மண்ணாலும் நெகிழி விரிப்பாலும் மூடப்பட்டு மலையாக நிற்கிறது. 2020இல் அங்கே 19.8 மெகாவாட் திறனுள்ள, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் வந்தது. கிடங்கின் நிர்வாகம் தனியார் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் உள்ளது. நகரம் உண்டாக்கும் குப்பையிலிருந்து இலாபம் ஒருபுறம் செல்கிறது. அதன் நாற்றமும் கழிவுநீரும் புகையும் மறுபுறம் தங்குகின்றன.

குப்பை மலை எரிவது எவ்வாறு என்பதை அறிந்தால், முன்தடுப்பின் தேவை விளங்கும். மட்கும் குப்பையும் நெகிழியும் கலந்து அடுக்கடுக்காக அமுங்கும்போது, உள்ளே காற்றின்றி அழுகி மீத்தேன் உண்டாகிறது. கோடை வெப்பத்தில் ஒரு பொறி போதும். மேலே ஊற்றும் நீர் நெகிழி அடுக்குகளில் வழிந்தோடிவிடும். உள்ளே கங்கு நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மண் அகழும் இயந்திரத்தால் கிளறி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்தால்தான் தீ அணையும். 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் நாட்கணக்கில் புகை எழுந்ததன் காரணம் இதுவே.

கொச்சியும் சிங்கப்பூரும் தரும் பாடம்

2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. பத்து நாட்களுக்கும் மேலாக நகரம் புகையில் தவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வீட்டுக்குள் இருக்குமாறும் என்95 அணியுமாறும் மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அப்போது மாநில ஆட்சியும் மாநகராட்சி நிர்வாகமும் இடது ஜனநாயக முன்னணியின் கையில் இருந்தன. இதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. பிரிக்கப்படாத குப்பையை ஊருக்கு வெளியே கொட்டி, ஒப்பந்ததாரரிடம் பொறுப்பைக் கைமாற்றும் முறை, ஆளும் கட்சி எதுவாயினும் ஒருநாள் தீயாக வெளிப்படும் என்பதே அதன் பாடம். மற்றொரு பாடமும் உண்டு. அங்கே நலவாழ்வுத் துறை புகையால் பாதிக்கப்பட்டோருக்குத் தனி மருத்துவ ஏற்பாடுகளைச் செய்தது. ஆஷா பணியாளர் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கணக்கெடுத்தனர். பொதுச் சுகாதார அமைப்பு உயிரோடு இருக்கும் மாநிலத்தில்தான் இது இயலும்.

அடுத்தது தமிழ்த் தொழிலாளர் திரளாக உழைக்கும் சிங்கப்பூர். சுமத்திராவில் பனையெண்ணெய்க்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் தோட்டம் அமைக்கக் காட்டையும் கரிச்சதுப்பு நிலத்தையும் எரிக்கும் புகை, கடல் கடந்து அந்நகரை மூடுவது வழக்கம். குப்பை மலையைப் போன்றே கரிச்சதுப்பு நிலமும் அடியில் கனல்வது. மேலே நீர் ஊற்றி அணைக்க முடியாதது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. அரசு குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு முகக்கவசம் வழங்கியது. ஆனால் கட்டுமானத் தளங்களில் வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்பது பெரும்பாலும் வேலையளிப்போரின் மதிப்பீட்டுக்கே விடப்பட்டது. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடன்பட்டுச் சென்ற தொழிலாளிக்கு, வேலை அனுமதிச்சீட்டும் அதே வேலையளிப்பவரின் கையில். அவன் "இன்று மூச்சு முட்டுகிறது, வேலைக்கு வரவில்லை" எனச் சொல்ல முடியுமா? மறு ஆண்டு சிங்கப்பூர், எல்லை கடந்த புகைக்குக் காரணமான நிறுவனங்கள்மீது வழக்குத் தொடரச் சட்டம் இயற்றியது. எரிக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கும் அச்சட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும் புகையில் நிற்கும் தொழிலாளியின் மறுப்புரிமையை அது தரவில்லை.

சட்டம் தருவதும் தராததும்

உயிர்வாழும் உரிமையில் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1991இல், சுபாஷ் குமார் வழக்கில் கூறியுள்ளது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்து, எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்க ஆணையிட்டது. ஆனால் இத்தண்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சருகை அள்ள வண்டி தராமல், மாலைக்குள் தெரு தூய்மையாக வேண்டும் என மேற்பார்வையாளர் நெருக்கினால், தூய்மைப் பணியாளர் தீ வைக்கிறார். குற்றவாளி தீக்குச்சி கிழித்த கை அன்று. வண்டி தராத ஒப்பந்தம்.

போபால் பேரழிவுக்குப்பின், 1987 திருத்தத்தின் வழியே தொழிற்சாலைச் சட்டத்தில், உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கும் உரிமை தொழிலாளருக்குச் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அவ்வுரிமையும் ஆபத்தான தொழிற்சாலைகளுக்குள்ளேயே நின்றது. தெருப் பெருக்குபவருக்கும், கொத்தனாருக்கும், உணவு கொண்டுசெல்லும் இருசக்கர வாகன இளைஞருக்கும் அது எட்டவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மோடி அரசு நடைமுறைப்படுத்தியபின், பழைய சட்டங்களில் இருந்தவற்றையும் காப்பதற்கே தொழிற்சங்கங்கள் போராட வேண்டியுள்ளது. அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் காற்றும் இடம்பெற வேண்டும்.

கிளைகளின் பணி

இப்பகுதிக் கிளைகள் கோடைக்குமுன் மேற்கொள்ள வேண்டிய பணிகள் ஐந்து.

ஒன்று: ஈ.சி.ஐ.எல். காப்ரா, நாச்சாரம் நிலையங்களின் மணிநேர அளவைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவைக்க ஒரு தோழரைப் பொறுப்பாக்க வேண்டும். புகை எழுந்த நாள், நேரம், திசை ஆகியவற்றையும் புகைப்படத்தோடு பதிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வெறும் முறையீட்டைவிட மூன்று மாதக் குறிப்பேடு வலுவுள்ளது.

இரண்டு: ஒவ்வொரு தெருவிலும் ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர், தனித்து வாழும் முதியோர், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை எனத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் தன்னார்வத் தோழர்கள் செய்த பணியின் தொடர்ச்சியே இது.

மூன்று: கதவில்லாதோருக்குப் பொதுக்கதவு வேண்டும். பள்ளி, நூலகம், சமுதாயக்கூடம் ஆகியவற்றுள் வார்டுக்கு ஒன்றையேனும், காற்று வடிகட்டும் வசதியோடும் குடிநீரோடும், புகை நாட்களில் இரவும் பகலும் திறந்துவைக்குமாறு மாநகராட்சியிடம் கோர வேண்டும். வெப்ப அலைக்கும் அக்கூடமே உதவும்.

நான்கு: தூய்மைப் பணியாளர், குப்பை பொறுக்குவோர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோருக்கு என்95 கவசம் வேலையளிப்பவர் செலவில் கிடைக்க வேண்டும். மணிநேர அளவு வரம்பைத் தாண்டினால் வேலைநேரம் மாற்றப்பட வேண்டும். வேலை நின்றால் கூலி நிற்கக் கூடாது. தொழிற்சங்கங்கள் இதை ஊதியக் கோரிக்கைக்கு இணையாக முன்வைக்க வேண்டும்.

ஐந்து: குப்பையை வீட்டிலேயே பிரித்தல் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளின் கடமை. மட்கும் குப்பை தனியே சென்றால் கிடங்கில் மீத்தேன் குறையும். ஏ.எஸ்.ராவ் நகரின் வாளியில் கலக்கும் குப்பைதான் ஜவஹர் நகரின் குழந்தையின் மூச்சில் புகையாகக் கலக்கிறது. இந்த ஒரு பணிக்கு எந்த அரசின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தோழர்களே, காற்றைச் சுத்திகரிக்கும் கருவியைச் சந்தை விற்கிறது. வாங்க முடிந்தவர் தம் அறைக்குள் தூய காற்றைத் தனியுடைமையாக்கிக்கொள்கிறார். நீர் புட்டிக்குள் சென்ற கதையை இந்நாடு கண்டிருக்கிறது. காற்றும் அவ்வழி செல்லத் தொடங்கியுள்ளது. அதைத் தடுக்க முடியுமா என்பது, தூய காற்றுக் கூடத்துக்கான கோரிக்கை மனுவில் எத்தனை தெருக்களின் கையொப்பம் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. கையொப்ப இயக்கம் கிடங்குக்கு அருகிலுள்ள தெருக்களிலிருந்து தொடங்கட்டும்.